பூச்சியக்காவும் மாடிவீட்டுப் பெட்டியும்

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, இட்லிக்கடையைத் தாண்டி வருகிற சந்தில் நின்று, “பூச்சியக்கா வீடு எது?” என்று கேட்டுப் பாருங்கள். மூக்கொழுகுகிற பிள்ளைகூட உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசலில் விட்டுவிடும். “வேல்ராஜ் சம்சாரம் கலைச்செல்வி வீடு எது?” என்று கேட்டீர்களானால் பெரியவர்களே நாலு பேர் கூடி நின்று யோசிப்பார்கள். இரண்டும் ஒரே வீடுதான். இரண்டாவது பெயர் அவளுக்குப் பிறந்த வீடும் புகுந்த வீடும் சேர்ந்து கொடுத்தது. முதல் பெயர் அவளே சம்பாதித்தது.

சொந்தமாகச் சம்பாதித்த சாமானை இன்னொருத்தி தொட்டால் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியாததில்லை.

வீட்டில் கலைச்செல்வி பேச்சு எடுபடாது. வேல்ராஜுக்குத் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை. வீட்டுக்கு வந்ததும் டிவியைப் போடுவான். இவள் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் சத்தத்தைக் கூட்டுவான். பெண்பிள்ளைகள் இரண்டும் தங்களுக்குள் இந்தியில் பேசிக்கொள்ளும். அம்மா நடுவில் வாயைத் திறந்தால் “மம்மி, பஸ் கரோ நா” என்று, போதும் நிறுத்தச் சொல்லிக் கும்பிடு போடும். இவள் பகலெல்லாம் ரெடிமேட் சட்டைகளை மடியில் குவித்துக்கொண்டு நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருப்பாள். கத்தரிக்கோல் சத்தம் தவிர அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு சத்தம் கிடையாது.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு டெங்குக் காலத்தில் விடிவு வந்தது. மாட்டுங்காவிலிருந்து சாதனா என்று ஒரு பெண், அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவள், சந்தின் பால்வாடிக்கு ஒரு ஜாம் பாட்டிலோடு வந்தாள். அறிவியலைப் பாடமாகச் சொல்லாமல் உயிரோடு கண்ணில் காட்ட வேண்டும் என்கிற ஒரு குழுவில் அவள் இருந்தாள். பாட்டிலுக்குள் தண்ணீர்; தண்ணீருக்குள் நெளிநெளியாகக் கொசுப்புழுக்கள். “இது உங்க சந்துல, அதோ அந்த நீல டிரம்லேர்ந்து எடுத்தது” என்றாள். கூடியிருந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கலைந்தார்கள். கலைச்செல்வி கலையவில்லை. அந்த நீல டிரம் அவளுடையது. ரோசம் பொத்துக்கொண்டு வந்து, விறுவிறுவென்று போய்ப் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். புழு ஒன்று வாலை மேலே நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது. “வால்லயா மூச்சு விடுது?” என்று வாய்விட்டுக் கேட்டாள். சுற்றி நின்ற பிள்ளைகள் அத்தனையும் வாயடைத்து அவள் கையையே பார்த்தன.

அந்த அமைதிக்குத்தான் அவள் அடிமையானாள். பூச்சிக்கு இல்லை, இதை நான் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். தான் கையை நீட்டியதும் ஒரு கூட்டம் மூச்சடக்கி நிற்கும் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

அன்றிலிருந்து ஒன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பால்வாடியில் பூச்சி வகுப்பு. சாதனா படிப்பு முடித்து, அதே கல்லூரியில் லெக்சரர் ஆகிவிட்டாள். விளக்கம் சொல்வது அவள். பூச்சியைக் கொண்டுவருவதும் வலை போட்ட பெட்டியில் வளர்ப்பதும் பிள்ளைகள் உள்ளங்கையில் எடுத்து வைப்பதும் கலைச்செல்வி. கும்பிடுபூச்சி, நத்தை, மணலில் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கும் குழிநரி என்று வாராவாரம் ஒன்று வரும். மழைக்காலத்தில் கறிவேப்பிலைப் புழு. சின்னதாக இருக்கும்போது காக்கை எச்சம் மாதிரி இலையில் கிடக்கும். வளர்ந்தால் பச்சைப்பசேலென்று சுண்டுவிரல் தடிமனாகும். கூட்டுக்குள் போய்ப் பட்டாம்பூச்சியாக வரும். புழுவைக் கையில் வாங்கும்போது பிள்ளை முகத்தில் பயமும் ஆசையும் மாறி மாறி ஓடும். கலைச்செல்வி ஒரு வார்த்தை பேச மாட்டாள். அமைதி தானாக வரும். வாரம் முழுக்க வெட்டிய பிசிறெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் மடியிலிருந்து உதிர்ந்துபோகும்.

இந்த நிம்மதிக்குள்தான் கீதா காலை வைத்தாள்.

கீதா வேறு யாருமில்லை, ஓரகத்தி. வேல்ராஜின் தம்பி தளவாய் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோவண்டியில் பெண் எடுத்தான். அண்ணன் வீட்டுக்கு மேலேயே தகரம் அடித்து ஓர் அறை எழுப்பி, வெளியே ஓர் இரும்பு ஏணி வைத்து, மாடிவீடு என்று பெயர் சூட்டிப் பெண்டாட்டியைக் குடிவைத்தான். பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழும் இந்தியும் அவள் வாயில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வரும். சிரித்தால் சந்தின் கோடி வரை கேட்கும். வந்த ஆறே மாதத்தில் பலசரக்குக்கடை நாகூர் மீரான் பாய் அவளுக்கு மட்டும் நல்ல தேங்காயாகத் தட்டிப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். கலைச்செல்வி பதினெட்டு வருஷமாக அந்தக் கடையில் தேங்காய் வாங்குகிறாள். ஒருநாள்கூட அவர் தட்டிப் பார்த்ததில்லை.

கீதா கெட்டவள் இல்லை. அதுதான் கஷ்டமே. கெட்டவளாக இருந்திருந்தால் கலைச்செல்வி நிம்மதியாக வெறுத்துவிட்டு அவள் வேலையைப் பார்த்திருப்பாள்.

“அக்கா, நானும் ஒருநாள் வரட்டா? சும்மா ஓரமா நின்னு பாக்கேன்” என்று கேட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பால்வாடிக்கு வந்தாள். ஓரமாக நிற்கிற ஜென்மமா அது? ஒரு பச்சைப் புழுவை ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டாள். கோபம் வந்தால் அந்தப் புழு தலையிலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டும். ஒரு நாற்றமும் விடும். நீட்டியது. “அரே ஹீரோ! குஸ்ஸா ஆ கயா க்யா, கோவம் வந்துட்டா?” என்று கீதா புழுவிடமே கேட்டாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. எனக்கு, எனக்கு என்று அவளைச் சுற்றி மொய்த்தன. அன்றைக்கு அந்த அறையில் அமைதி என்கிற பேச்சுக்கே இடமில்லை. சாதனாவும் சிரித்தாள். அடுத்த வாரமே கீதாவுக்குச் ‘சோட்டி பூச்சியக்கா’, அதாவது சின்னப் பூச்சியக்கா என்று பெயர் விழுந்துவிட்டது.

கலைச்செல்வியும் சிரித்தாள். மத்தியானம் வரை சிரித்துக்கொண்டே இருந்ததில் தாடை வலித்தது. வீட்டுக்கு வந்து சட்டைக் குவியலை எடுத்து மடியில் போட்டவள், பிசிறோடு சேர்த்து ஒரு பட்டன் நூலையும் வெட்டிவிட்டாள்.

பொறாமை என்றால் கண்ணைச் சிவக்க வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு வரும் என்று நினைக்கிறோம். அப்படி வந்தால்தான் அடையாளம் தெரிந்து விரட்டிவிடலாமே. “சாப்ட்டியாட்டி?” என்று கேட்டுக்கொண்டுதான் வரும். கலைச்செல்வி அந்த நாட்களில் கீதாவிடம் முன்னைவிட அதிகமாகவே சாப்பாடு விசாரித்தாள்.

ஆனி மாசக் கடைசியில் சாதனா ஒரு சேதி கொண்டுவந்தாள். செம்பூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் அறிவியல் கண்காட்சி. செம்பூர்ப் பிள்ளைகள், அணுசக்தி நகர் காலனிப் பிள்ளைகள் எல்லாம் அப்பா அம்மாவோடு வருவார்கள். உயிருள்ள பூச்சிக்கு ஒரே ஒரு மேஜை. பார்ப்பதோடு நிற்காமல், கேட்கிறவர்களுக்கு முட்டை ஒட்டிய கறிவேப்பிலைக் கொத்தைப் பாட்டிலில் போட்டு வீட்டுக்கே கொடுத்தனுப்பப் போகிறார்கள்.

“ஒரே பெட்டிய நம்பிண்டு இருக்க முடியாது. நீங்க ஒண்ணு வளருங்கோ, கீதா ஒண்ணு வளர்க்கட்டும். அன்னிக்கு எந்தப் பெட்டில பட்டாம்பூச்சி நன்னா வெளில வரதோ, அதை டேபிள்ல வெச்சுடலாம். வளர்த்தவாளே பக்கத்துல நின்னு பேசிடுங்கோ” என்றாள் சாதனா. அவளுக்கு அது வெறும் ஏற்பாடு. ஒருத்தி நிற்பாள், இன்னொருத்தி கூடமாட உதவி செய்வாள், அவ்வளவுதான்.

கலைச்செல்விக்கு அவ்வளவுதானா? ஒன்பது வருஷத்தில் அவள் அமைதி பால்வாடிச் சுவரைத் தாண்டியதில்லை. ஒரு பெரிய ஹால், படித்தவர்கள், அவர்கள் பிள்ளைகள், நடுவில் தான் மட்டும் கையை நீட்டிக்கொண்டு நிற்பது என்பதை அன்றைக்கு ராத்திரிக்குள் பலமுறை பார்த்து முடித்துவிட்டாள். மஞ்சள் பார்டர் போட்ட காட்டன் சேலையை எடுத்துக் கஞ்சி போட்டு வைத்தாள். கஞ்சி போட்ட கையோடு, கீதா அந்த மேஜையில் நின்று “அரே ஹீரோ” என்று சொல்வதும் கண்ணில் வந்தது. சேலையை மடித்து உள்ளே தள்ளினாள்.

“பெட்டி எப்படிப் பாத்துக்கறதுன்னு எல்லாம் நீங்களே கீதாவுக்குச் சொல்லிக் குடுத்துடுங்கோ” என்றும் சாதனா சொல்லியிருந்தாள். கலைச்செல்வி ஏணிப்படியில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள்.

“கடைல வாங்குன கருவேப்பில போடவே கூடாது. மருந்தடிச்சிருப்பான். நம்ம தொட்டியில உள்ளதுதான் போடணும். எலய ஈரத்தோட போடாத, வயித்தால போயிரும். தைலம் தேச்ச கையோட தொட்டுறாத. தட்டுல தண்ணி ஊத்தி அதுக்கு நடுவுல பெட்டிய வையி, எறும்பு ஏறாது.”

“இன்னும் ஏதும் உண்டாக்கா?”

உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. முதல் வருஷம் கலைச்செல்வி வழக்கம்போல வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் சாம்பிராணி போட்டாள். மூலைமுடுக்கெல்லாம் காட்டி, பெட்டிக்கும் ஆசையாகக் காட்டினாள். விடிந்து பார்த்தால் புழு அத்தனையும் பெட்டியின் அடியில் சுருண்டு கிடந்தன. சாதனா வந்து பார்த்துவிட்டுத்தான், அதுகளுக்கு உடம்பெல்லாம் மூச்சுத் துளை, புகை ஆகவே ஆகாது என்று சொன்னாள். அன்றிலிருந்து கலைச்செல்வி சாம்பிராணித் தட்டைச் சந்தில் வைத்தே புகைத்து அங்கேயே அணைத்துவிடுவாள். கொசுவத்திகூட அந்த வீட்டில் கிடையாது.

இது நாக்கு நுனி வரை வந்தது. அந்த நேரம் பார்த்துக் கீதா போனில் வந்த எதையோ பார்த்துக் களுக்கென்று சிரித்தாள். பால்வாடியில் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன அதே சிரிப்பு.

“அவ்வளவுதாண்டி” என்றாள் கலைச்செல்வி. மிச்சத்தை அப்புறம் சொல்லிக்கலாம் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். அப்புறம் என்பது தினமும் வந்தது. தினமும் போனது.

இருவருக்கும் ஒரே செடியின் முட்டைதான். கீழ்வீட்டுப் பெட்டிக்கு என்ன போறாத காலமோ, எங்கிருந்தோ ஒரு சின்னக் குளவி வலைக்குள் புகுந்து பாதிப் புழுக்களின் உடம்பில் முட்டையிட்டுப் போய்விட்டது. அதுகள் கறுத்துச் சுருங்கின. மிஞ்சியவை நோஞ்சானாக இலை நரம்பைக் கடித்துக்கொண்டு கிடந்தன. மாடிவீட்டுப் பெட்டியிலோ ஒன்றும் சாகவில்லை. கொழுகொழுவென்று வளர்ந்தன. கீதா ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்திருந்தாள். சந்துப் பெண்கள் சாயங்காலமானால் ஏணியில் ஏறிப் பார்க்கப் போனார்கள். மீரான் பாய்கூடக் கடையைப் பூட்டிவிட்டு, மூச்சிரைக்க ஏறிப் பார்த்துவிட்டு, “மாஷா அல்லா, என்னா பச்சை!” என்று இறங்கினார்.

கலைச்செல்வி உறைமோர் வாங்குகிற சாக்கில் மேலே போனாள். கையில் கிண்ணம், கண் முழுக்கப் பெட்டியில். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. என் கையில் ஒன்பது வருஷம் வளர்ந்த பூச்சிக்கு இவள் கை எப்படி ஒத்துப்போகிறது என்று எரிந்தது. நல்லவேளை, மோர் அப்போதே திரியவில்லை.

“பூரா சனமும் வந்து பாத்துட்டுல்லா போவுது. ஊர்க்கண்ணு சும்மா விடாதுட்டி, பாத்துக்க” என்றாள்.

சிரித்துக்கொண்டிருந்த கீதாவின் முகம் சட்டென்று மாறிவிட்டது. அவளுடைய அம்மா கோவண்டியில் சொந்த ஆட்டோவுக்கு வாரம் தவறாமல் சுற்றிப் போடுகிறவள். கண்ணேறு என்றால் மகளுக்கு விளையாட்டில்லை. “ஆமாக்கா, நானும் நெனச்சேன்” என்றாள் மெதுவாக. மறுநாள் பெட்டியின் முன்பக்கத்தில், நட்ட நடுவே, கண்மையால் பெரிதாக ஒரு கறுப்புப் பொட்டு வைத்திருந்தாள். குழந்தைக் கன்னத்தில் வைக்கிற மாதிரி. கலைச்செல்வி அதைப் பார்த்து முதலில் சிரித்தாள். ஏணியில் இறங்கும்போதுதான், அந்தப் பொட்டு யாருக்காக என்று தோன்றி முகம் சுருங்கியது.

அந்த வாரம் ஆடி வெள்ளி. காலையிலிருந்து விடாத மழை. கோயில் ஒலிபெருக்கியும் மழையும் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டிருந்தன. சாயங்காலம் கலைச்செல்வி சட்டைக் குவியலோடு உட்கார்ந்திருந்தபோது தலைக்கு மேலே பலகை இடுக்கு வழியாக ஒரு வாடை இறங்கியது. முதலில் கற்பூரம். பிறகு மிளகாய் வற்றல். பிறகு கனமாகச் சாம்பிராணி.

கத்தரிக்கோல் நின்றுவிட்டது. மேலே என்ன நடக்கிறது என்பது பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல அவளுக்குத் தெரிந்தது. மழைக்குப் பயந்து கதவும் ஜன்னலும் சாத்தியிருக்கும். பெட்டியை நடுவில் வைத்துச் சுற்றிப் போட்டுக்கொண்டிருப்பாள் கீதா.

எழுந்து வெளியே வந்து ஏணியில் கால் வைத்தாள். இரண்டு படி ஏறினாள். அப்போது மேலே, துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு வந்தனா, “செம்பூர் மே தோ அப்னி கீதா ஹி ஜாயேகி” என்று, செம்பூருக்கு நம்ம கீதாதான் போவாள் என்று சொன்னது கேட்டது. இருமலோடு சேர்ந்து கீதாவின் சிரிப்பும் கேட்டது.

கலைச்செல்வி இறங்கினாள். இறங்கி வந்து என்ன செய்தாள் தெரியுமா? துண்டை நனைத்துப் பிழிந்து, தன்னுடைய பெட்டியை அதால் சுற்றி, குடையைப் பிடித்துக்கொண்டு மழைக்குள்ளே ஓடி, மீரான் பாய் கடையில் வெல்ல மூட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். “வீட்ல ஒழுகுது பாய், காலைல எடுத்துக்கிடுதேன்” என்றாள். திரும்பி வந்து பிசிறு வெட்டினாள். வாடை நின்றபோது சந்தில் விளக்குப் போட்டுவிட்டார்கள்.

காலையில் கீதா பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. புழுக்கள் அடியில் மொத்தமாக விழுந்து கிடந்தன. ஒன்று மட்டும் பின்னங்கால்களால் குச்சியைப் பிடித்தபடி தலைகீழாகத் தொங்கியது.

“எவ்ளோ கண்ணுக்கா பட்டிருக்கு! நேத்து மொளகாயச் சுத்திப் போட்டேன், நெடியே வரல. அப்பமே பயந்துட்டேன். நெடி வர்ற வரைக்கும் போட்டுக்கிட்டே இருந்தேன், கூடச் சாம்பிராணியும் போட்டேன். அப்படியும் அதுக்கு முந்தி கண்ணு முந்திக்கிட்டுதே.”

மழைக்கு நமுத்துப்போன வற்றல் எப்படியம்மா நெடி அடிக்கும்? நெடி வராவிட்டால் கண்ணேறு கடுமை என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறாள். கடுமை கூடக் கூட இவள் புகையைக் கூட்டியிருக்கிறாள்.

கலைச்செல்வி அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். “விடுட்டி. பூச்சிதான. அழாத” என்றாள். தோளில் அந்தப் பெண் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். அதே நேரத்தில் கலைச்செல்வியின் மனசுக்குள் என்னமோ ஒன்று சின்னதாகக் குதித்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால் சந்தோஷம்தான் அது.

செம்பூர் நாள் வந்தது. நோஞ்சான்களில் மிஞ்சிய சில கூடு கட்டி, சொல்லிவைத்த மாதிரி அன்றைக்கே வெடிக்க நின்றன. கஞ்சி போட்ட சேலை உடுத்திக் கலைச்செல்வி மேஜையில் நின்றாள். பாட்டில்களைத் தட்டில் ஏந்தி எடுத்துக்கொடுக்கக் கீதா வந்திருந்தாள். “நான் தூக்கிட்டு வாரேன்க்கா, ஒங்க சேல கசங்கிரும்” என்று அவளேதான் கேட்டு வந்தாள்.

கூடு ஒன்று பிளந்தது. ஈரச் சிறகோடு, கசங்கிய காகிதம் மாதிரி ஒன்று வெளியே வந்து, கலைச்செல்வி நீட்டிய விரலைப் பற்றிக்கொண்டு மேலே ஏறியது. ஹாலில் அத்தனை பேரும், பிள்ளைகளும் பெரியவர்களும், மூச்சை அடக்கினார்கள். அவள் கற்பனையில் பார்த்ததைவிடப் பெரிய அமைதி. மின்விசிறி சுற்றுவது கேட்டது. ஒன்பது வருஷமும் இதற்குத்தான் என்று விரலை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

கைதட்டல் அடங்கியதும் பாட்டில் வாங்க வரிசை நின்றது. முதலில் வந்தவர் செம்பூர்க்காரர், நாகலக்ஷ்மி என்று ஒரு மாமி. பேரன் நகுல் பாட்டிலை அதற்குள் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“ஏம்மா, எங்காத்துல வெள்ளிக்கிழமைன்னா சாம்பிராணி போடுவோம். இதுகளுக்கு ஒண்ணும் ஆகாதே?” என்று மாமி கேட்டார்.

கலைச்செல்விக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், தட்டோடு கீதா நின்றாள். புகை கூடாது என்று சொன்னால் கீதாவுக்குத் தெரிந்துவிடும். பரவாயில்லை என்று சொன்னால் அந்தப் பிள்ளையின் பாட்டில் செத்துவிடும். நகுல் கலைச்செல்வியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“போடக் கூடாதும்மா” என்றாள் கலைச்செல்வி. குரல் எழும்பவில்லை. “புக பட்டா செத்துப்போயிரும்.”

“அதான் முக்கியமான ரூல்!” என்று சாதனா மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து உற்சாகமாகச் சொன்னாள். “சாம்பிராணி, கொசுவத்தி, கற்பூரம் எதுவுமே கிட்ட வரப்படாது. கலைச்செல்விக்கு முதல் வருஷமே ஒரு பெட்டி முழுக்க அப்படித்தான் போச்சு. இல்லையா கலைச்செல்வி?”

தட்டில் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துச் சிணுங்கின. கலைச்செல்வி திரும்பிப் பார்க்கவில்லை. கீதா அடுத்த பாட்டிலை எடுத்து நீட்டினாள். அதற்கடுத்ததையும் நீட்டினாள். கடைசிப் பாட்டில் வரை நீட்டினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கீதா வழக்கம்போல ஜன்னலோரத்தை அக்காவுக்கு விட்டாள். பஸ் சயானைத் தாண்டியது. பிறகு, ஏதோ கடைக்கணக்குக் கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள்.

“ஆடி வெள்ளியன்னிக்கு மழைக்குள்ள ஒங்க பெட்டியத் துண்டு போட்டுப் பொதிஞ்சி பாய் கடைக்கு எடுத்துட்டு ஓடினீங்கள்லா. ஜன்னலு இடுக்கு வழியா பாத்தேன். வீடு ஒழுகுதுபோலன்னு நெனச்சேன்க்கா.”

கலைச்செல்வி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். கீதா மடியில் இருந்த காலித் தட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அதன்பிறகு கலைச்செல்வி தினமும் சண்டைக்குக் காத்திருந்தாள். கீதா தளவாயிடம் சொல்வாள், தளவாய் அண்ணனிடம் கத்துவான், சந்து கூடும், சாதனா காதுக்குப் போகும் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தாள். நான் வேணும்னேவா செஞ்சேன், மறந்துபோச்சு, நீ என்னத்துக்கு மந்திரவாதி மாதிரி புகை போட்டே என்று எல்லாம். ஒன்றுக்கும் வேலை வரவில்லை. கீதா யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏணியில் இறங்கும்போது “வாரேன்க்கா” என்றாள். ஏறும்போது “சாப்ட்டாச்சாக்கா” என்றாள். இந்த இடத்தில் தான் இருந்திருந்தால் இந்நேரம் சந்து முழுவதையும் கூட்டியிருப்போம் என்று கலைச்செல்விக்குத் தெரியும். இதுகூட இவளுக்கு வருகிறதே என்று அதற்கும் வயிறு எரிந்தது.

பால்வாடிக்கு மட்டும் கீதா வருவதை நிறுத்திவிட்டாள். கலைச்செல்விக்கு அவளுடைய அமைதி திரும்பக் கிடைத்தது. கும்பிடுபூச்சியைக் கையில் ஏந்தி நின்றாள். பிள்ளைகள் சத்தமில்லாமல்தான் இருந்தன. ஆனால் கண்ணெல்லாம் வாசலில் இருந்தது. “சோட்டி அக்கா கப் ஆயேகி, எப்ப வருவாங்க?” என்று ஒரு பெண்குழந்தை கேட்டது. அடுத்த ஞாயிறும் கேட்டது. அதற்கடுத்த ஞாயிறு கேட்கவில்லை. வாசலை மட்டும் பார்த்தது.

அன்றைக்குச் சாயங்காலம் கலைச்செல்வி தொட்டிச் செடியில் தேடி, புதிதாக முட்டை வைத்திருந்த ஒரு கொத்தைக் கிள்ளிக்கொண்டு ஏணியில் ஏறினாள். கீதா தரையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து முறத்தை நகர்த்தி, இடம் விட்டாள்.

“முட்ட வச்சிருக்குட்டி. ஒனக்குன்னு எடுத்தாந்தேன். பெட்டி எங்க?”

“அந்தா இருக்கே. அரிசி போட்டு வச்சிட்டேன்க்கா. மழைக்கு வண்டு விழுது.”

அலமாரிக்குக் கீழே அந்தப் பெட்டி இருந்தது. பாதி வரைக்கும் அரிசி. வலை போட்ட மூடிக்கு மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. கலைச்செல்வி இலையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். இத்தனை நாள் ‘அப்புறம்’ என்று தள்ளிவைத்ததை இப்போது சொன்னாள்.

“புக மட்டும் ஆகாதுட்டி. சாம்பிராணி, கற்பூரம் எதையும் கிட்ட கொண்டு போவக் கூடாது.”

“தெரியும்க்கா. செம்பூர்ல சொன்னீங்கள்லா.”

குரலில் கோபம் இல்லை. கோபத்தைத் தேடித்தான் கலைச்செல்வி அந்த முகத்தைப் பார்த்தாள். கிடைக்காமல் மறுபடியும் பெட்டியைப் பார்த்தாள். கழுவித் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள் கீதா. ஆனால் முன்பக்கத்தில், நட்ட நடுவே, அந்தக் கறுப்புப் பொட்டு அப்படியே இருந்தது. கழுவும்போது அந்த இடத்தை மட்டும் சுற்றிவிட்டுத் தேய்த்திருக்கிறாள்.

“பொட்ட அழிக்கலையாட்டி? இனி எதுக்கு அது?”

கீதா முறத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஒரு கல்லைப் பொறுக்கி ஓரமாகப் போட்டாள்.

“இருக்கட்டும்க்கா” என்றாள். “நீங்க வந்து போற வீடுல்லா.”